‘ஆய்வில் தகவல்’ என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். காலையில் ஆறரைக்குக் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றில் சுகர் பார்க்க ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். கையில் பட்டியைக் கட்டி நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கையால் செல்போனை நீட்டி, “பாப்பா, இது நெசமா?” என்று கேட்பவர்கள் தினம் ரெண்டு பேராவது உண்டு. எல்லாமே ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: ‘புதிய ஆய்வில் தகவல்’, ‘விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’.

நான் விஞ்ஞானி இல்லை, டிப்ளமோ படித்தவள். ஆனால் என் பெரியப்பா விஷயத்துக்குப் பிறகு இந்தச் செய்திகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர். ‘ராகி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குறையும், ஆய்வில் தகவல்’ என்று வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, தினமும் ரெண்டு வேளை களி சாப்பிட ஆரம்பித்து, ‘இனி எதுக்கு’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கால் எரிகிறது என்று வந்தபோது நான்தான் ரத்தம் எடுத்தேன். வெறும் வயிற்றில் 168 இருந்த சர்க்கரை 291. “ஆய்வுல சொன்னாங்களேம்மா” என்றார். அவர் ஏமாளி இல்லை, உரமூட்டையில் அச்சடித்திருக்கும் சின்ன எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவர். அவர் கைக்கு வந்த வாக்கியம்தான் பாதி வாக்கியம்.

மீதிப் பாதியை எங்கே போய் எடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு அறிவியல் பட்டம் வேண்டாம். செல்போனும் இருபது நிமிஷமும் போதும்.

முதலில், உங்கள் கையில் இருக்கும் செய்தி எத்தனை கை மாறி வந்தது என்று யோசியுங்கள்

ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். அது ஆய்விதழில் வருகிறது. அவர்கள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் அதைப் பற்றி ஒரு செய்திக்குறிப்பு விடுகிறது. செய்தி நிறுவனம் அதைச் சுருக்கும், நாளிதழ் மொழிபெயர்க்கும், யூட்யூப்காரர் தலைப்பு வைப்பார், கடைசியில் நம் சித்தப்பா ‘எல்லோருக்கும் பகிருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துக் குடும்பக் குழுவில் போடுவார். ஒவ்வொரு கையிலும் ஒரு ‘இருக்கலாம்’ உதிர்ந்துபோகும்.

எல்லாப் பழியையும் பத்திரிகைக்காரர்கள் மேல் போடுவது வழக்கம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2014-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பிரிட்டனின் 20 பெரிய பல்கலைக்கழகங்கள் விட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 40 சதவீதக் குறிப்புகளில் மக்களுக்கான அறிவுரை, கட்டுரையில் இருந்ததைவிட மிகைப்படுத்தப்பட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கில், கட்டுரை ‘தொடர்பு’ என்று சொன்னதைக் குறிப்பு ‘காரணம்’ என்று மாற்றியிருந்தது. விலங்குகளில் பார்த்ததை மனிதர்களுக்கு நீட்டியது 36 சதவீதம். அதாவது கசிவு ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. அதனால் ‘பெரிய பல்கலைக்கழகமே சொல்லியிருக்கிறது’ என்பதோடு நிற்காதீர்கள், அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதிய கட்டுரை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மூலக் கட்டுரையைத் தேடுவது

செய்தியில் நான்கு விஷயம் தேடுங்கள்: ஆய்விதழின் பெயர், வருஷம், எந்த நிறுவனம், எதைப் பற்றி. இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாமல் வெறும் ‘அமெரிக்க விஞ்ஞானிகள்’ என்று மட்டும் இருந்தால் அந்தச் செய்தியை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். இருந்தால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரிலோ பப்மெட்டிலோ அந்தச் சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். பப்மெட் என்பது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தேடுதளம், பணம் கேட்காது. முழுக் கட்டுரை பூட்டியிருந்தாலும் ஆய்வுச் சுருக்கம் அநேகமாக எல்லாவற்றுக்கும் திறந்தே இருக்கும். ஒரு பத்திதான், முந்நூறு வார்த்தைக்குள் இருக்கும். ஆங்கிலம் தடுமாறினால் போனிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறது. எண்களை மட்டும் ஆங்கிலத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் ‘குறைவு’ என்பதும் ‘குறைவான அதிகரிப்பு’ என்பதும் சில நேரம் இடம் மாறிவிடும்.

சுருக்கத்தைப் படிக்கும்போது கடைசி வரியான ‘முடிவுரை’யை முதலில் படிக்காதீர்கள். அது ஆய்வாளர்களின் கருத்து. யாரிடம் செய்தார்கள், என்ன செய்தார்கள், எண்கள் என்ன வந்தன என்பதை முதலில் பாருங்கள். நீங்களாக ஒரு முடிவுக்கு வந்தபின் அவர்கள் முடிவைப் படித்தால், எங்கே அவர்கள் ஒரு எட்டு அதிகமாக வைத்தார்கள் என்பது தானாகவே கண்ணில் படும்.

பெரியப்பாவின் ராகியை எடுத்துக்கொள்வோம்

அந்தச் செய்தி பொய் இல்லை. 2021-இல் ‘ஃபிரான்டியர்ஸ் இன் நியூட்ரிஷன்’ இதழில் வந்த கட்டுரைதான் அது, யார் வேண்டுமானாலும் முழுதாகப் படிக்கலாம். ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தலைமை தாங்கியது, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தாரும் சேர்ந்திருக்கிறார்கள். புதிதாக யாருக்கும் சாப்பாடு போட்டுச் சோதிக்கவில்லை, ஏற்கெனவே உலகம் முழுக்க நடந்த 65 ஆய்வுகளின் எண்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சிறுதானியத்தைத் தொடர்ந்து சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 12 சதவீதமும் சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரை 15 சதவீதமும் குறைந்தது என்பது முடிவு.

இப்போது ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். வெறும் வயிற்றில் 200 இருக்கிற ஒருவருக்கு 12 சதவீதம் என்றால் 24. குறைந்தபின் 176. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. 176 அந்தக் கோட்டுக்கு ரொம்ப மேலேதான் நிற்கிறது. ‘குறையும்’ என்ற சொல் உண்மை, ‘போய்விடும்’ என்று பெரியப்பா மனசில் விழுந்த அர்த்தம் கட்டுரையில் எங்குமே இல்லை. மாத்திரையை நிறுத்தலாம் என்றும் அதில் யாரும் சொல்லவில்லை. நான் அவருக்கு இந்தக் கணக்கை லேப் ரசீதின் பின்பக்கத்தில்தான் போட்டுக் காட்டினேன்.

அடுத்த கேள்வி, எந்தச் சிறுதானியம்? தலைப்பில் ‘சிறுதானியம்’ என்று வந்ததை நம் பக்கத்தில் யாரோ ‘ராகி’ என்று மாற்றிவிட்டார்கள், இங்கே அதுதானே அதிகம். ஆனால் கட்டுரையில் தினையும் குதிரைவாலியும் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் கூட்டத்தில் வருகின்றன, ராகி, கம்பு, வரகு, சாமை, சோளம் எல்லாம் நடுக் கூட்டத்தில் வருகின்றன. ராகி மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. தலைப்பில் இருந்த சராசரியை ராகியின் கணக்கில் எழுதக்கூடாது என்றுதான் அர்த்தம்.

எதோடு ஒப்பிட்டு? இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தீட்டிய வெள்ளை அரிசியோடும் மைதாவோடும். அப்படியென்றால் தட்டில் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிறுதானியம் வைத்தால் பலன். பெரியப்பா சோற்றையும் விடவில்லை, களியை மேலே சேர்த்துக்கொண்டார். அவர் செய்தது அந்த ஆய்வு சொன்னதே கிடையாது.

யார் செய்தது என்பதையும் பாருங்கள். சோளம், கம்பு, ராகி ஆகியவற்றில் ஆராய்ச்சி செய்வது இக்ரிசாட்டின் வேலை. அதனாலேயே அவர்கள் எண்களைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, முறையாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் நல்லது சொல்ல விரும்புகிறவர் சொல்கிற நல்லது என்பது மனசில் இருக்கட்டும். கட்டுரையின் கடைசியில் யார் பணம் கொடுத்தார்கள், யாருக்கு என்ன ஆதாயம் என்று ஒரு பத்தி இருக்கும். பானம் விற்கிற கம்பெனி பணத்தில் பானத்தைப் பற்றி ஆய்வு என்றால் நான் இன்னும் ரெண்டு தடவை படிப்பேன்.

எவ்வளவிலிருந்து எவ்வளவு?

‘ஆபத்து இரண்டு மடங்கு’, ‘50 சதவீதம் குறைவு’ மாதிரி வரிகளைப் பார்த்தால் உடனே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 1995-இல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். புது வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்கட்டு ஏற்படும் ஆபத்து இரண்டு மடங்கு, அதாவது 100 சதவீதம் அதிகம் என்று எச்சரிக்கை வந்தது. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை விட்டார்கள். அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிடப்பட்டது. அந்த இரண்டு மடங்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு தெரியுமா? பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருவர், புதியதில் 7,000 பேரில் இருவர். கர்ப்பத்தாலேயே ரத்தக்கட்டு ஆபத்து அதைவிட அதிகம். எண்ணில் ஒரு பொய்யும் இல்லை. ‘7,000-க்கு ஒன்று கூடுகிறது’ என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனை பெண்கள் அந்த வேதனையிலிருந்து தப்பித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறுவதில்லை.

எனவே சதவீதம் வந்தால் அதை ஆட்களாக மாற்றுங்கள். ஆயிரம் பேர் இருக்கிற ஓர் ஊரை மனசில் வைத்துக்கொண்டு, முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று கேளுங்கள். செய்தியில் அந்த எண் இல்லையென்றால் சுருக்கத்தில் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அந்தச் சதவீதத்துக்காகப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.

பார்த்தார்களா, செய்து பார்த்தார்களா?

ஆய்வுகள் ஏறக்குறைய இரண்டு வகை. ஒன்றில் ஆட்கள் தங்கள் போக்கில் வாழ்கிறார்கள், ஆய்வாளர் கவனித்துக் குறித்துக்கொள்கிறார். இன்னொன்றில் குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்க்கிறார்.

முதல் வகையில் என்ன சிக்கல் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. நம் பக்கத்தில் களி சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை குறைவு என்று ஒரு கணக்கு எடுத்தால் அப்படித்தான் வரலாம். ஆனால் தினம் களி சாப்பிடுகிறவர்கள் யார்? காட்டு வேலைக்குப் போகிறவர்கள், வெயிலில் களை எடுக்கிறவர்கள், நாலு கிலோமீட்டர் நடக்கிறவர்கள். சர்க்கரையைக் குறைத்தது களியா, களை எடுத்த கையா? கவனிப்பு ஆய்வு இதைப் பிரித்துச் சொல்லத் திணறும். அதனால்தான் இந்த வகைக் கட்டுரைகளில் ‘தொடர்புடையதாக இருந்தது’ என்று எழுதுவார்கள். செய்தியில் அது ‘காரணம்’ என்று ஆகிவிடும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதய நோய் குறைகிறது என்று பல வருஷம் கவனிப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. அந்த மாத்திரையை எடுத்துக்கொண்ட பெண்கள் பெரும்பாலும் வசதியும் உடல் அக்கறையும் உள்ளவர்கள் என்பது அப்போது சரியாகப் பிடிபடவில்லை. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். இதய நோய் குறையவில்லை, வருஷத்துக்கு 10,000 பெண்களில் 7 பேருக்கு அதிகமாகவே வந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடி, மொத்தத்தில் நன்மையைவிடத் தீமை அதிகம் என்று 2002-இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தியையும் உலகம் அவசரப்பட்டுத்தான் படித்தது. சோதனையில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, ஆனால் பயந்து மாத்திரையை விட்டவர்களில் ஐம்பது வயதுக்காரர்கள் நிறையப் பேர். யாரிடம் செய்தார்கள் என்ற கேள்வி கெட்ட செய்திக்கும் பொருந்தும், நல்ல செய்திக்கும் பொருந்தும்.

எலி, தட்டு, பதினைந்து பேர்

இதில் அதிக நேரம் வேண்டாம். ‘புற்றுநோய் செல்லை அழித்தது’ என்று ஏதாவது இலையைப் பற்றி வந்தால் அது கண்ணாடித் தட்டில் நடந்ததா என்று பாருங்கள். தட்டில் இருக்கிற செல்லை உப்புத் தண்ணீர்கூட அழிக்கும். எலியில் நடந்தது என்றால் நல்ல ஆரம்பம், அவ்வளவுதான்.

ஆள் எண்ணிக்கையையும், எத்தனை விஷயங்களை அளந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் ஜெர்மனியில் 15 பேரை வைத்து, சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறைகிறது என்று ஒரு கட்டுரையை வெளியிட்டார். பல நாட்டுப் பத்திரிகைகள் அதைப் போட்டன. பிறகு அவரே வந்து, இது எப்படி நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார்: எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தேன், ஏதாவது ஒன்றில் தற்செயலாக வித்தியாசம் வந்தே தீரும், அதை எடுத்துத் தலைப்பாக்கினேன். தற்செயலாக வர இருபதில் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ள முடிவை ‘புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது’ என்று சொல்வது ஆய்வுலக வழக்கம். தனித்தனியான 18 விஷயங்களை அளந்தால் அதில் ஒன்றாவது அப்படித் தற்செயலாக வர வாய்ப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம். ஆகவே ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல்லைப் பார்த்தால் ‘பெரிய’ என்றோ ‘முக்கியமான’ என்றோ படிக்காதீர்கள். தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம் என்பது மட்டும்தான் அதன் பொருள். ரத்த அழுத்தம் 150-லிருந்து 149 ஆனதுகூட, ஆள் நிறைய இருந்தால், குறிப்பிடத்தக்கது ஆகிவிடும்.

எதை அளந்தார்கள்?

மருத்துவத்துக்கு வெளியேயும் இந்தக் கேள்வி உதவும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வைப் பற்றி 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள், தமிழர்கள் 4,200 வருஷத்துக்கு முன்பே இரும்பைப் பயன்படுத்தினார்கள் என்று. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பெருமைதான், எனக்கும்தான். ஆனால் கிமு 2172 என்ற அந்தக் காலம் கரிமக் கணிப்பில் வந்தது. கரிமக் கணிப்பு பொதுவாக ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருளின் வயதைத்தான் சொல்லும், மரக்கரி மாதிரி. இரும்போடு சேர்ந்த மண்ணடுக்கில் கிடைத்த கரியின் வயது, அடுக்கு கலையாமல் இருந்தால், இரும்பின் வயதுக்குச் சாட்சி. இதைத் தெரிந்துகொண்டால் பெருமை குறையப்போவதில்லை. ஒரு மாதிரியை மட்டும் வைத்துப் பேசுவதற்கும் பல இடங்களில் பல மாதிரிகள் ஒத்துப்போவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் புரியும்.

இனி நம் தண்ணீர்

இதைத்தான் ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். ‘ஃபுளோரைடு குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைக்கிறது, அமெரிக்க அரசு ஆய்வு’ என்று ஒரு செய்தி சுற்றியது. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அக்கா, பற்பசையில் ஃபுளோரைடு இருக்கிறதாம், அதனால் தன் மகனுக்குப் பற்பசையே வாங்குவதில்லை என்றும், சாம்பலில்தான் பல் தேய்க்கிறான் என்றும் சொன்னார். பையன் கூடவே நின்றான். சிரித்தபோது மேல் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு கோடாகக் கறை, தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானால் வருகிற மாதிரி. “வீட்டுல என்ன தண்ணிக்கா குடிக்கிறீங்க?” என்றேன். “போர் தண்ணிதான்” என்றார்.

அந்தச் செய்தியைப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் இடங்களில் அது குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவு எண்ணோடு (ஐக்யூ) தொடர்புடையது, இதை ‘மிதமான உறுதியோடு’ சொல்கிறோம் என்றது. அமெரிக்காவில் பல் சொத்தையைத் தடுக்கக் குழாய்த் தண்ணீரில் அவர்களே சேர்க்கும் அளவு 0.7 மில்லிகிராம். அந்த அளவில் பாதிப்பு உண்டா இல்லையா என்று சொல்லப் போதுமான தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. அங்கே அரசியல் சண்டை முழுக்க அந்த 0.7-ஐப் பற்றி. செய்தி இங்கே வந்தபோது அளவு உதிர்ந்துவிட்டது, ‘ஃபுளோரைடு’ என்ற பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. அதனால் அந்த அக்கா பற்பசையைப் பார்த்துப் பயந்தார், போர்க் குழாயைப் பார்க்கவில்லை.

நமக்கு யாரும் ஃபுளோரைடைச் சேர்ப்பதில்லை, அது பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கோட்டைத் தாண்டிய கிணறுகளும் போர்களும் நிறைய இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பான் கடனுதவியோடு போடப்பட்டு 2013-இல் தொடங்கியது. அப்படியென்றால், அமெரிக்காவில் 0.7 குடிக்கிறவருக்கு அந்த அறிக்கை ஒரு திறந்த கேள்வி. போர் தண்ணீர் குடிக்கிற பென்னாகரத்துக்காரருக்கு அது நேராக அவர் வீட்டைப் பற்றிய விஷயம். ஒரே ஆய்வு, ஊருக்கு ஊர் வேறு பொருள்.

இன்னும் ஒரு படி போகலாம். 2025 ஜனவரியில் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் இதே விஷயத்தில் 74 ஆய்வுகளைச் சேர்த்த கட்டுரை வந்தது. சிறுநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூடினால் நுண்ணறிவு எண் சராசரியாக 1.63 புள்ளி குறைந்திருந்தது. 1.63 என்பதை எப்படிப் படிப்பது? ஒரு பையனிடம் அது கண்ணுக்கே தெரியாது, இன்றைக்கும் நாளைக்கும் தேர்வு எழுதினாலே அதைவிட அதிகம் மாறும். ஆனால் ஒரு வட்டத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சராசரி அந்த அளவு இறங்கினால், கீழே தடுமாறுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். தனி ஆளுக்குச் சிறியது, ஊருக்குப் பெரியது என்று இரண்டு வாசிப்புமே சரி.

அதே சுருக்கத்தில் இன்னொரு வரி: 74-இல் 52 ஆய்வுகள் பிழை வர அதிக வாய்ப்புள்ளவை என்று ஆய்வாளர்களே தரம் பிரித்திருக்கிறார்கள். ஃபுளோரைடு அதிகமுள்ள கிராமம் ஏழைக் கிராமமாகவும், பள்ளிக்கூடம் தூரமாக உள்ள கிராமமாகவும் இருக்கக்கூடும் இல்லையா, களை எடுத்த கை மாதிரிதான் இதுவும். ஆகவே அறிவுத்திறன் விஷயத்தில் ‘நிரூபணம் ஆகிவிட்டது’ என்று நான் எழுத மாட்டேன். ஆனால் பல்லையும் எலும்பையும் அதிக ஃபுளோரைடு கெடுக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது, அதற்கு இந்தப் புது ஆய்வு எதுவுமே தேவையில்லை. தண்ணீரை மாற்ற அந்த ஒரு காரணம் போதும்.

அந்த அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை வையுங்கள், போர் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் இருக்கட்டும். பற்பசையைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள், சின்னப் பிள்ளைகள் விழுங்காமல் துப்ப வேண்டும்.

கடைசியாக, அவசரப்படாமல் இருக்க ஒரு காரணம்

2020 மே 22-ஆம் தேதி லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொடுத்த கொரோனா நோயாளிகள் அதிகமாக இறந்தார்கள் என்று. சுமார் 96,000 நோயாளிகளின் விவரம் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமே அந்த மருந்துச் சோதனையைச் சில நாள் நிறுத்திவைத்தது. அந்த விவரங்களை யாராலும் சரிபார்க்க முடியவில்லை என்று தெரிந்து, ஜூன் 4-ஆம் தேதி கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டே வாரம். அதற்குப்பின் நடந்த பெரிய குலுக்கல் சோதனைகளில் அந்த மருந்தால் கொரோனாவுக்குப் பலன் இல்லை என்று தெரிந்தது வேறு கதை. கட்டுரை தவறானது என்பதால் அதற்கு எதிர்ப்பக்கம் சரியாகிவிடாது என்பதையும் இதில் பார்க்கலாம்.

எனவே கட்டுரையைத் தேடும்போது அதன் மேல் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று சிவப்பில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், பப்மெட்டில் பளிச்சென்று காட்டும். அப்புறம் அதே விஷயத்தில் வேறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். கொக்ரேன் என்ற அமைப்பு மருத்துவத் தொகுப்புகளை எளிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு தருகிறது. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனை என்றால் 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பாருங்கள். எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். முன்பு எழுதியதும் பின்பு பெருமையாகச் சொன்னதும் ஒன்றா என்று ஒப்பிடலாம்.

மாத்திரை, ஊசி, அறுவை சிகிச்சை சம்பந்தப்பட்ட முடிவு என்றால் இதையெல்லாம் செய்தபிறகும் உங்கள் மருத்துவரிடம் போனைக் காட்டிக் கேளுங்கள். ‘இது உண்மையா’ என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும். ‘இது என் வயசுக்காரருக்கும் என் மாத்திரைக்கும் பொருந்துமா’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் நீளும்.

குடும்பக் குழுவில் வந்ததைத் திருத்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘பொய், நம்பாதீங்க’ என்று போட்டால் அனுப்பியவருக்கு அவமானமாகிவிடும், யாரும் படிக்கவும் மாட்டார்கள். ராகிச் செய்தி மறுபடி சுற்றி வந்தபோது நான் இப்படி எழுதினேன்: “சித்தப்பா, இது நெஜமான ஆய்வுதான், நானும் படிச்சேன். சோத்துக்குப் பதிலா சிறுதானியம் சாப்பிட்டவங்களுக்கு 200 இருந்தா 176 ஆன மாதிரி கணக்கு. மாத்திரையை நிறுத்தச் சொல்லல. தினை, குதிரைவாலி இன்னும் நல்லதாம்.” சித்தப்பா கட்டைவிரல் போட்டார். பெரியப்பா பதில் எதுவும் போடவில்லை. ஆனால் மறுநாள் காலை போன் வந்தது, “குதிரவாலி தருமபுரியில எந்தக் கடைல கெடைக்கும் பாப்பா, சோத்த எடுத்துட்டு அத வெக்கச் சொல்லிருக்கேன் உங்க பெரிம்மாகிட்ட” என்று. மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன். டப்பாவை ஆட்டிச் சத்தம் காட்டினார்.